தீர்த்தம் குடித்த கணினி

பெருமை பேசுவது எனக்குப் பிடிக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். இருபத்தெட்டு வருடங்களாக நான் தொழிற்சாலையில் டெஸ்ட் டெக்னீசியன். முதலில் ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவில், இப்போது கடலுக்கு எதிர்க்கரையில் சிம்பாங் அம்பாட்டில். மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் படுத்துக்கொண்டால் எழுப்பி விடுவது என் வேலை. எத்தனையோ இயந்திரங்களை எழுப்பியாயிற்று. அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் இல்லை நான். எங்கள் மாதா கோவில் ஹாலில் கிடந்த அந்தக் கிழட்டுக் கணினியைப் பற்றி மட்டும் யார் அகப்பட்டாலும் விடுவதில்லை.

அதை நான் ஓர் அக்காவுக்காகச் செய்தேன். உடன்பிறந்த அக்கா இல்லை, கோவில் பழக்கம்தான். அறுபதைத் தாண்டியவர், பிறவியிலேயே கண் தெரியாது. ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜார்ஜ் டவுனில் எங்கள் கோவிலின் தமிழ்ப் பூசையில் பல வருடங்களாக வாசகம் வாசித்துக்கொண்டிருந்தார். வாசகம் என்றால், பூசை நடுவில் மேடையேறி பைபிளின் ஒரு பகுதியைச் சபைக்கு உரக்கப் படிப்பது. பார்வையுள்ள நாங்கள் கண்ணாடியை ஏற்றி இறக்கித் திக்கித் திணறுவோம். அக்காவோ பிரெயில் தாளில் விரலை ஓட்டியபடி, முகத்தை நிமிர்த்திச் சபையை நோக்கியே வாசிப்பார். அவர் வாசிக்கும்போது பின் வரிசையில் பிள்ளைகள்கூடப் பேசாது.

அந்தத் தாள்களை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. ஹாலில் யாரோ வெளிநாட்டுக்காரர் எப்போதோ அன்பளிப்பாகக் கொடுத்த பிரெயில் அச்சுப்பொறி ஒன்று இருக்கிறது. மையெல்லாம் கிடையாது. கெட்டித் தாளில் ஊசிகளால் குத்திப் புள்ளி எழுப்பும். ஓட ஆரம்பித்தால் ஹால் முழுக்க ஆணி அடிப்பது போலச் சத்தம். அதனோடு பிணைந்து கிடந்தது அந்தப் பழைய கணினி. சிஸ்டர் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துப் பார்த்துக் கையாலேயே உள்ளிடுவார். பிறகு அவரைக் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் போன ஒரு மாதத்தில் கணினியின் ஹார்ட் டிஸ்க்கும் கரகரவென்று கத்தி அடங்கியது.

அக்கா சும்மா இருக்கவில்லை. கைப்பேசியை வாசிக்க வைத்து, காதில் கேட்டபடியே ஒரு நொடி பின்னால் தானும் சொல்லிச் சமாளித்தார். ஒரு ஞாயிறு காதுக் கருவி கழன்று விழுந்துவிட்டது. பாபிலோனிலிருந்து மக்கள் அழுதுகொண்டே திரும்பி வரும் இடத்தில், 'மூன்று புதிய செய்திகள் வந்துள்ளன' என்று கைப்பேசி மைக்கில் அறிவித்தது. சபை சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைத்து என்ன பயன்? அடுத்த மாத வாசகர் பட்டியலில் அக்கா பெயர் இல்லை.

"கண்ணு இல்லன்னு நிறுத்தியிருந்தா சண்ட போட்டிருப்பேன்," என்றார் அக்கா, பூசை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது. "பேப்பர் இல்லன்னுல்ல நிறுத்திட்டாங்க. இதுக்கு யாருகிட்ட போய் சண்ட போடுறது, சொல்லு?"

சிரித்த குற்றம் என்னைக் குத்தியது. "நான் பாக்குறேங்க்கா," என்று சொல்லிவிட்டேன்.

பட்டியல் போடும் அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வழிபாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் முதலில் முடியாது என்று சொல்லிப் பார்ப்பவர். "அந்தப் பொட்டியா? லோரோங் கூலிட் பழைய சாமான் கடையில சும்மா குடுத்தாக்கூட எடுக்க மாட்டான் லா," என்றார்.

"எடுக்க வேணாம். நான் ஓட வைக்கிறேன்."

"சரி. கோவில் திருநாளுக்கு ஏழு வாரம் இருக்கு. அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழம ஒத்திகையில அக்கா கையில பேப்பர் இருந்தா, திருநாள் பூசையில மொத வாசகம் அக்காவுக்குத்தான். இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

புதுக் கணினி வாங்கினால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பார்க்காமலா இருப்பேன்? அச்சுப்பொறியின் கம்பி நுனி உள்ளங்கை அகலம், இருபத்தைந்து ஊசிகள். இன்றைய கணினி எதிலும் அதைச் செருகத் துளை கிடையாது. இடையில் போடும் மாற்றுக் கம்பிகள் இரண்டை வாங்கிச் செருகினேன். தாள் முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளிகள் வந்தன. புது பிரெயில் அச்சுப்பொறி வாங்குகிற காசுக்கு ஓட்டைக் காடி, அதுதான் பழைய கார், ஒன்று வாங்கிவிடலாம். ஆக, பழைய பெட்டியை விட்டால் வேறு வழியில்லை. பழைய சிஸ்டத்தையே திரும்ப ஏற்றலாம் என்றால், இப்போதைய தமிழ்க் கோப்புகளை அதற்குப் படிக்கத் தெரியாது. தமிழைத் தானாகவே பிரெயிலாக மாற்றும் இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் அது இன்றைய லினக்ஸில்தான் ஓடும். உடம்பு அதேதான் இருக்க வேண்டும், உயிரை மட்டும் மாற்ற வேண்டும்.

ஞாயிறுதோறும் என் வீடு இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறித் தீவுக்கு வந்து, பூசை முடிந்ததும் ஹாலில் உட்கார்ந்துவிடுவேன். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கேமராவில் போடும் மெமரி கார்டு ஒன்றைச் சிறு பலகையில் பொருத்தி அந்த இடத்தில் செருகினேன். சிடி தட்டு திறக்கவே இல்லை. பென்டிரைவிலிருந்து எழுந்திருக்கவும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. வீட்டு லேப்டாப்பில் கார்டின் மேல் சிஸ்டத்தை எழுதி, கைப்பையில் போட்டுக் கடல் தாண்டிக் கொண்டுவருவேன். திரையில் ஒரு வரி ஓடும், பிறகு செத்துவிடும். திரும்ப வீடு, திரும்ப ஃபெரி. புதிய லினக்ஸ்களில் பாதி அந்தக் காலத்துச் சில்லைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மீதியில் பாதி, நினைவகம் போதாது என்று படுத்தன. மொத்தமே நூற்றிருபத்தெட்டு எம்பி. இன்று கைக்கடிகாரத்தில்கூட அதைவிட அதிகம் இருக்கிறது.

இங்கே எங்கள் தொழிற்சாலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பழுது பார்த்தால் அதன் பக்கவாட்டில் பேப்பர் டேப் ஒட்டி, சோதனைக் கட்டங்களைப் பேனாவால் வரைவோம். மின்சாரம், நினைவகம், வேகம் என்று ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வர வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தனி மரியாதை. டெக்னீசியன் அந்த இடத்திலேயே இல்லாதபோது, லைனில் வேலை செய்பவர் தானாக ஓட்டி முடித்தால்தான் அதில் கையெழுத்துப் போடலாம். நாம் பக்கத்தில் நின்றால் இயந்திரம் எப்படியும் ஓடிவிடும், தட்டிக்கொடுத்து ஓட்டிவிடுவோம். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கோவில் கணினியின் பக்கத்திலும் அதேபோல டேப் ஒட்டிக் கட்டங்கள் வரைந்தேன்.

நான்காம் ஞாயிறு எழுந்துவிட்டது. பதினொரு நிமிடம் ஆயிற்று, ஆனாலும் எழுந்துவிட்டது. திரையில் எங்கள் கோவில் முகப்பின் படம், கீழே பளிச்சென்று தமிழ் எழுத்துகள். அந்தத் தமிழ் எழுத்து தெளிவாக வருவதற்கே ஒரு வாரம் மல்லுக்கட்டியிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கைப்பிடித்து அழைத்து வந்து முன்னால் நிறுத்தினேன்.

"என்ன தெரியுது?" என்றார்.

"கோவில் படம் தெரியுதுக்கா. செம்ம அழகா இருக்கு."

"ஓ," என்றார் அக்கா.

அந்த 'ஓ' அப்போது என் காதில் ஏறவே இல்லை. ஒரே ஒரு வரியைத் தட்டி அச்சுப்பொறிக்கு அனுப்பினேன். டகடகவென்று ஹால் அதிர்ந்தது. அக்கா தாளைத் தடவினார், உதடு அசைந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். 'அக்கா பசியாறியாச்சா?' என்று அடித்திருந்தேன்.

"ஆச்சு ஆச்சு, ரொட்டி சானாய்," என்று அச்சுப்பொறியைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா? எங்கள் ஆட்கள் புதுக் காடி வாங்கினால் நேராகக் கோவில் வாசலுக்குத்தான் ஓட்டி வருவார்கள். ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் வீட்டுக்குப் போகும். மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், போன மாதம் ஒருவர் வாஷிங் மெஷினைக்கூட லாரியில் ஏற்றி வந்தார். மறுபிறவி எடுத்த கணினிக்கு மட்டும் ஆசீர்வாதம் வேண்டாமா? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரை ஹாலுக்கு அழைத்தேன். சபையே பின்னால் வந்தது. உள்ளே நான் செய்திருக்கும் வேலையை நாலு பேர் பார்க்கட்டும் என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தேன். கணினியும் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபாதர் தாராள மனசுக்காரர். செபம் சொன்னார், சிலுவை போட்டார், தெளிப்பானை முக்கி முழுக் கையையும் வீசினார். அதிலும் அவர் பழைய முறைக்காரர், உப்பை மந்திரித்துக் கலந்துதான் தீர்த்தம் செய்வார். ஓடிக்கொண்டிருந்த மின்சுற்றின் மேல் ஒரு கரண்டி உப்புத் தண்ணீர். பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கோவில் முகப்புப் படம் திரையிலிருந்து மறைந்தது. 'ஆமென்' என்று சபை சொல்லி முடித்தபோது என் கணினி செத்திருந்தது.

இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாலே புது ஆட்களைக் கிழி கிழியென்று கிழிப்பவள் நான். தகட்டைக் கழற்றி வைத்தது யார்? நான். ஓட விட்டது யார்? நான். ஃபாதரை அழைத்ததும் நான்தான். அவர் பாவம், முகம் வெளிறிப்போய், "நான் வேற ஏதாச்சும் செபம் சொல்லவா?" என்று கேட்டார். பட்டியல் அண்ணன் கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒத்திகைக்கு இன்னும் ஏழு நாள்தான்.

அன்று மாலை பலகையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனேன். மறுநாள் அவசர விடுப்பு எடுத்தேன். சுத்திகரிப்புச் சாராயத்தால் பலகையைத் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் காயவைத்து, உலோக இணைப்புப் பற்களை எல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்தேன். உயிர் வந்தது. ஆனால் நினைவகப் பட்டை இரண்டில் ஒன்று கருகிப்போயிருந்தது. மிஞ்சியது அறுபத்துநான்கு எம்பி. அதே மாதிரிப் பட்டைக்காகச் சிம்பாங் அம்பாட் பழைய இரும்புக் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். கிடைத்த மூன்றும் அளவு வேறு. அறுபத்துநான்கில் கோவில் படம் வராது, மவுஸ் என்கிற எலியின் அம்பு வராது, பளிச்சென்ற தமிழ் எழுத்து நிச்சயமாக வராது. புதன்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன்.

"முடியாதுக்கா. பாதி மெமரி போச்சு. திரையில ஒண்ணும் காட்ட முடியாது."

அக்கா கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். "பேப்பர் அடிக்குமா?"

"அடிக்கும். ஆனா திரையில..."

"ஏண்டி, அந்தத் திரைய யாரு பாக்கப் போறா?"

ஐந்து வாரம், ஃபெரியிலும் வீட்டிலும் மண்டையை உடைத்துக்கொண்டு நான் சரிப்படுத்தியதில் முக்கால்வாசி, கண் தெரியாத ஒருவருக்கு அழகான படம் காட்டும் வேலை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா விடவும் இல்லை.

"படமெல்லாம் நீ பாக்குறதுக்கு வச்சுக்கிட்ட. எனக்கு வேண்டியது வேற. நீ பட்டர்வொர்த்ல தூங்கிக்கிட்டு இருக்கறப்ப நானே போய் அடிச்சிக்கணும். சிஸ்டர் இருந்தாங்க, அவங்க போனதும் நானும் நின்னுட்டேன். நாளைக்கு நீயும் எங்கயாச்சும் போயிட்டா?"

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எலி வேண்டாம், விசைப்பலகை போதும். ஆப்பரேட்டர் வேலையில் விரல்கள் எல்லாம் பழகியவை. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண், அலுவலக எக்ஸ்டென்ஷன் மாதிரி. எண்ணை அடித்து என்டரைத் தட்டினால் தாள் வர வேண்டும். ஞாயிறு வாசகங்கள் மட்டும் போதாது, திருநாள், கல்யாணம், சாவு வாசகங்களும் வேண்டும். "நம்பரெல்லாம் நான் மனசுல வச்சுக்குவேன். ஆபீஸ் முழுக்க மனசுல வச்சிருந்தவ நான்," என்றார். கணினி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதன் வயிற்றில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் போதும். ஒரு பீப் அடித்தால் தயார். இரண்டு பீப் என்றால் தாள் இல்லை. மூன்று பீப் என்றால் எனக்குப் போன்.

மூன்று நாளில் சிஸ்டத்தை எலும்பு வரை செதுக்கி, அக்கா கேட்ட வாசகங்களை எல்லாம் எண் போட்டு ஏற்றினேன். படங்கள் போயின, ஜன்னல்கள் போயின, அந்தப் பெட்டியில் இல்லாத சாதனங்களுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் போயின. சனிக்கிழமை ஹாலில் பலகையைப் பூட்டி, தகட்டையும் இறுக்கி மூடிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். பதினொரு நிமிடம் எழுந்த பெட்டி ஒன்றரை நிமிடத்தில் 'பீப்' என்றது. கருந்திரை. அதன் வயரைப் பிடுங்கி, மானிட்டரையே தூக்கி மூலையில் வைத்தேன். அதைவிடச் சுத்தமான வேலை நான் வாழ்க்கையில் செய்ததில்லை என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

ஞாயிறு ஒத்திகையில் அக்கா கையில் தாள் இருந்தது. பட்டியல் அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை, என் முன்னாலேயே அக்காவின் பெயரை எழுதினார். பக்கவாட்டு டேப்பில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. கடைசி ஒன்றைத் தவிர. அக்கா அடிக்கும் போதெல்லாம் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போகச் சொன்னால் கதவு வரை போவேன், அங்கிருந்து எட்டிப் பார்ப்பேன். அக்காவுக்கு அது தெரியும். "மூச்சு சத்தம் கேக்குது," என்பார்.

திருநாள் அன்று பள்ளி விடுமுறை வேறு. பட்டர்வொர்த் துறையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. என் கண் முன்னாலேயே ஒரு ஃபெரி நிறைந்து போய்விட்டது. அடுத்ததில் ஏறி நின்றபோது பட்டியல் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. வெளியூரிலிருந்து பூசை வைக்க வந்த ஃபாதர் முதல் வாசகத்தை மாற்றிவிட்டாராம். ஞாயிறு வாசகம் வேண்டாம், மாதா திருநாள் வாசகம்தான் வேண்டுமாம். 'அக்காகிட்ட சொல்லியாச்சு, நீ உடனே வா' என்று போட்டிருந்தார். பூசைக்கு இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. அந்த மூன்று புதிய செய்திகள் சமாச்சாரத்துக்குப் பிறகு கோவில் வாசலிலேயே கைப்பேசியை அணைத்துவிடுகிறார். ஒத்திகையில் அடித்த தாள் இப்போது குப்பை. கடல் நடுவில் நின்றுகொண்டு நான் என்ன செய்ய? மேடையில் அக்கா வெறுங்கையோடு நிற்பதும், வேறு யாரோ அவசரமாக ஓடி வந்து வாசிப்பதும் கண்ணுக்குள் ஓடின. ஃபெரி கரையைத் தொட்டதும் ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் எல்லாம் பார்க்க ஓடினேன்.

கோவில் வாசலை எட்டியபோது சபை உட்கார்ந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது.

மாதா திருநாள் வாசகம். புதியது. முதல் சொல்லிலிருந்து, தட்டாமல் தடுமாறாமல். உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா முகத்தை நிமிர்த்தி, விரலை ஓட்டியபடி வாசித்துக்கொண்டிருந்தார். பின் வரிசைப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. முன் வரிசையில் பட்டியல் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து, 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சைகை காட்டினார்.

நான் உள்ளே போகவில்லை. பின்பக்கம் ஹாலுக்குப் போனேன். விளக்குகூடப் போடவில்லை, அக்காவுக்கு எதற்கு விளக்கு? அச்சுப்பொறி இன்னும் சூடாக இருந்தது. தாள் பெட்டி புதிதாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டு பீப் அடித்திருக்கும், தானே தேடி எடுத்துப் போட்டிருக்கிறார். கிழித்துப்போட்ட ஓரத் துண்டுகளை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். நான் தேவைப்படவே இல்லை என்று ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணமே நெஞ்சு விம்மி, அந்த இருட்டு ஹாலில் தனியாக நின்று சிரித்தேன்.

வாசகம் முடிந்து, சபை ஒரே குரலில் 'இறைவா உமக்கு நன்றி' என்று பதில் சொல்வது சுவர் தாண்டிக் கேட்டது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, டேப்பில் காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.